பாதாம் நடக்கிற வேகத்தில்

டக், டக், டக், ம். மூன்று கால் வாய்விட்டுப் பேசுகிறது, நாலாவது கால் மட்டும் "ம்" என்கிறது. வலது முன்னங்கால். பள்ளிவாசலில் இருந்து கிளம்பி இன்னும் தபால் ஆபீசைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் என் காது அந்த "ம்"முக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் பேண்டு செட்டு ஊரைக் கூட்டுகிறது, அதற்கும் பின்னால் பைத்துப் பாட்டு ஓதுகிறவர்கள், பையன்களின் சீட்டி, அத்தர் வாசனை, புதுச்சட்டைக் கஞ்சி வாசனை. இவ்வளவுக்கும் நடுவில் எனக்குக் கேட்பது ஒரு குளம்பு சரியாகத் தரையில் படாத சத்தம். படாததற்கு எப்படிச் சத்தம் இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சபுராவிடம் ஒருமுறை சொன்னேன். "உங்களுக்கு நான் கூப்பிடுறது காதுல விழாது, குதிரை கூப்பிடாதது விழும்" என்றாள். என் மனைவி எதற்கும் பதில் பாக்கி வைக்கிறவள் இல்லை. இப்போது கடையில் உட்கார்ந்து கல்யாண மண்டபத்துக்குப் போன சேர்களில் எத்தனை முழுசாகத் திரும்பி வருமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள். நான் இங்கே பாதாமின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னால், முதுகில் ஆள் இல்லாத ஒரு குதிரையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை.

பாதாம் என்பது அவள் பேர். பாதாம்பால் நிறம், அதனால். வெள்ளைக்குதிரை என்று சொல்லித்தான் அந்தியூர்ச் சந்தையில் என் தலையில் கட்டினான் அந்த ஆள். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிய பிறகு பார்த்தால் சுண்ணாம்பெல்லாம் போய் இந்த நிறம் நின்றது. நான் ஏமாந்துபோனேன் என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என் தலையில் இருந்த தொப்பியைக் கவ்வி எடுத்து மெல்ல ஆரம்பித்துவிட்டாள், அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்றால் பிடித்துப்போயிற்றுதான், இதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. சிக்கந்தர் வாடகைக் கடை என்றால் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். பிளாஸ்டிக் சேர், மேஜை, பிரியாணித் தேக்சா, ஜமுக்காளம், சீரியல் லைட், கடைசியில் குதிரை என்று போர்டில் எழுதியிருக்கும். சேரும் வாடகை, குதிரையும் வாடகை. ஆனால் சேர் எதுவும் என் கழுத்தில் மூக்கை வைத்து மூச்சு விட்டதில்லை. ராவுத்தர் வீட்டுப் பையன் குதிரை ஏறாமல் நிக்காஹுக்குப் போனால் அது கல்யாணமா, ஆஸ்பத்திரிக்குப் போகிறதா என்று கேட்கிற ஊர் இது. அதனால் இந்த ஊரில் மீசை நரைக்காத ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் பாதாம் முதுகில் உட்கார்ந்து போனவர்கள். அழுதுகொண்டு போன மாப்பிள்ளை உண்டு. "அண்ணே, இதுல பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்ட மாப்பிள்ளை உண்டு. முகத்துக்கு முன்னால் தொங்குகிற பூச்சரத்தைப் பாதாம் எட்டிக் கடித்துக் கடித்து, பெண்வீட்டு வாசலுக்குப் போகும்போது வெறும் நூலோடு போய் இறங்கிய மாப்பிள்ளை உண்டு. அவன் பெண்டாட்டி இன்றைக்கும் அந்த போட்டோவைக் காட்டிச் சிரிக்கிறாள்.

டக், டக், டக், ம். தபால் ஆபீஸ் தாண்டியாயிற்று. அந்தக் கால் தரையில் படும்போது தலையை லேசாகத் தூக்கிக்கொள்கிறாள். வலியா? "பெரிய வலி இல்ல. ஆனா இது இனி கூடவே இருக்கும்" என்றார் டாக்டர் கலைவாணி. கால்நடை ஆஸ்பத்திரியில், வேப்பமரத்தடியில், பாதாமின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். அந்தம்மா சேலையில் சாணி ஒட்டியதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, அதனாலேயே நான் அவர் சொன்னதை நம்பினேன். "ஆள் ஏறக்கூடாது. சுமை கூடாது. ஓட்டக்கூடாது. மெதுவா நடக்கட்டும், நடக்கிறது நல்லதுதான். நின்னுக்கிட்டே இருந்தாத்தான் கெடுதல்." சரிங்கம்மா என்றேன். அப்புறம் தயங்கித் தயங்கி, ரொம்ப வலி வந்துவிட்டால் ஒரேயடியாகத் தூங்கவைக்க ஊசி போடுவது பற்றியும் சொன்னார். இப்போது இல்லை, ஒருவேளை பின்னால் என்றார். நான் அதற்கும் சரிங்கம்மா என்றேன். அன்றைக்கு எதைச் சொல்லியிருந்தாலும் சரிங்கம்மா என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று நாங்கள் வீட்டுக்கு நடந்து வந்தபோது வழியில் ஒரு கல்யாண பேண்டு எங்கோ அடித்தது, உடனே காதை நட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி இழுத்தாள். நொண்டிக்கொண்டே இழுத்தாள். அதுதான் சங்கதி, அதுதான் என்னை வியாபாரி பொன்ராசுக்குப் போன் போட வைத்தது. காசோ தீவனமோ காரணம் இல்லை, அதெல்லாம் சேர் வாடகை பார்த்துக்கொள்ளும். வாடகைச் சாமான் அடுக்குகிற கிட்டங்கியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் நிற்கிறாள். தெருவில் ஜீப்பில் மாப்பிள்ளை போகிறான், பேண்டு போகிறது, இவள் உள்ளே இருந்து கனைத்துக் கனைத்துக் கதவை உதைக்கிறாள். ஊர்வலம்தான் அவளுக்கு உசிரு. அது இல்லாமல் அவளை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய? எனக்காக வைத்திருக்கிறேனா, அவளுக்காகவா? இந்தக் கேள்வி ஒரு மாதமாக என் மண்டைக்குள் செக்கு சுற்றுகிறது.

பொன்ராசு குதிரை, கழுதை, மாடு எல்லாம் வாங்கி விற்கிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. "செங்கச் சூளையில கேக்குறாங்கண்ணே, சின்ன வேலைதான், மண்ணு சுமக்கிறது" என்றான். சுமையா என்றேன். "நாலு எட்டுதாண்ணே" என்றான். எந்தச் சூளையில் நாலு எட்டில் வேலை முடிகிறது? எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும், "சனிக்கிழமை சாயங்காலம் வாய்யா, சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்றேன் என்றால் சொல்றேன் என்றுதானே அர்த்தம்? அவன் வண்டியைக் கழுவி, பின்னால் வைக்கோல் பரப்பி, ஏற்றுவதற்குப் பலகையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டதாக இன்று காலையிலேயே போன் பண்ணிவிட்டான். மஃரிப் தொழுகைக்குள் வந்துவிடுவானாம். இதைச் சபுராவிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நாளைக்கு எனக்கு முட்டி போனா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்றாள். அது வேற, இது வேற என்றேன். "எது வேற?" என்றாள். எங்கள் கிட்டங்கியின் மூலையில் கால் உடைந்த சேர்கள் ஒரு அடுக்கு நிற்கிறது. பழைய இரும்புக்காரன், பிளாஸ்டிக்காரன் என்று வருகிறவர்களையெல்லாம் நான் வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிடுவேன். எதற்கும் ஆகாத அந்தச் சேர்களைத் தூக்கிப்போட மனம் வராத நான், பாதாமை ஏற்றி அனுப்ப வண்டி வரச் சொல்லியிருக்கிறேன். என் மண்டையில் இருப்பது மூளைதானா என்று பார்க்க ஏதாவது ஆஸ்பத்திரி உண்டா தெரியவில்லை.

"அண்ணே, வேகமா போறோமா?" என்று கேட்கிறான் மாப்பிள்ளை. யாசர் பாதாமின் அந்தப் பக்கம், நொண்டுகிற கால் பக்கம், அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நடந்துவருகிறான். "இதவிட மெதுவா போனா நிக்காஹ் நாளைக்குத்தான் நடக்கும்" என்றேன். சிரித்தான், பூச்சரம் குலுங்கியது, பாதாம் உடனே அதைப் பார்த்து வாயைத் திறந்தாள், நான் கயிற்றைச் சுண்டினேன். எல்லாம் இவனால் வந்தது. போன வாரம் இவன் வீட்டுக்குப் போய், குதிரைக்குக் கால் சரியில்லை, ஜீப்பு சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். "ஏறலைண்ணே, கூட நடக்கிறேன். எங்க ரெண்டு அண்ணனும் பாதாம் மேல போனாங்க. நான் மட்டும் ஜீப்புல போனா பெரியவன் சாகுறவரைக்கும் சொல்லிக்காட்டுவான்" என்றான். குதிரையோடு நடக்கிற மாப்பிள்ளையா, யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று அவன் அத்தா மோவாயைத் தடவினார். அவன் அம்மா ரகுமத்தம்மா உள்ளே இருந்து, "ஏன், நடந்தா கால் தேஞ்சுருமா?" என்று குரல் கொடுத்தார். அத்தோடு முடிந்தது. பாவம், அந்தம்மாவுக்கே இரண்டு முட்டியும் போய்விட்டது. மூத்த மகன் கல்யாணத்துக்கும் வேனில்தான் போனார், நடுவுள்ளவன் கல்யாணத்துக்கும் வேன்தான். இன்றைக்கும் பெண்கள் எல்லாரும் வேனில்தான், சீர்த்தட்டுகளோடு பின்னால் ஊர்ந்து வருகிறார்கள். ஊர்வலத்தின் வால் வேன், தலை பாதாம். நல்லவேளை, தலைக்கு இன்று புது ஜரிகைத் துணி போட்டிருக்கிறேன். நெற்றியில் சபுரா கோர்த்த மணி. கடைசி ஊர்வலம் என்று நினைத்துப் போட்டேனா? அப்படித்தான் நினைத்துப் போட்டேன். அதை நினைக்காதே, சிக்கந்தரு. பாதையைப் பார்.

பாதையில் அந்தப் பலகைக்கல் இருக்கிறது. பஜார் முக்கில், சாக்கடை மேல் போட்டிருக்கிற கல். இப்போது தெரியாது, பாத்திரக்கடையைத் தாண்டியதும் தெரியும். போன வருஷம் அங்கேதான் அது நடந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் சரவெடியைக் கொளுத்திப் பாதாம் காலடியில் போட்டான். அவள் பக்கவாட்டில் துள்ளினாள், கல் ஆடியது, கால் இடுக்கில் போனது. மாப்பிள்ளையைக் கீழே போடவில்லை. அவ்வளவு வலியிலும் மூன்று காலில் நின்று, நான் அவனை இறக்குகிறவரைக்கும் அசையாமல் நின்றாள். அந்தக் கல்லை நான் பத்து தடவை கனவில் பார்த்திருக்கிறேன். கனவில் அது வீட்டு வாசலில் கிடக்கும், அடுப்படியில் கிடக்கும், ஒருநாள் என் தலையணைக்கடியில் கிடந்தது. பாத்திரக்கடை வந்துவிட்டது. எவர்சில்வர் குடங்களில் பாதாம் குட்டிகுட்டியாகத் தெரிகிறாள், ஒவ்வொரு குடத்திலும் ஒரு பாதாம், எல்லாமே நொண்டுகிறது, எல்லாமே கம்பீரமாக நொண்டுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தின் நடுவில் எப்படிச் சிரிப்பு வருகிறது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது.

நின்றுவிட்டாள். கல்லுக்குப் பத்தடி முன்னால். காது இரண்டும் கல்லைப் பார்த்துத் திரும்பிவிட்டன. "பிஸ்மி" என்றேன் மெதுவாக. பாதாமுக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. எதைத் தொடங்கினாலும் அல்லா பேரைச் சொல்லுவோமே, ஏறுகிற மாப்பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பிஸ்மியைச் சொல்லித்தான் ஏறுவார்கள், ஏறியதும் அவள் நடக்க வேண்டும், அப்படியே பழகிவிட்டாள். போ என்றால் போக மாட்டாள், ஹை என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், யாராவது பிஸ்மி சொன்னால் நடந்துவிடுவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஒருநாள் ஜமாத் தலைவர் கிட்டங்கியில் டீ குடிக்கக் குவளையை எடுத்துப் பிஸ்மி என்றார், கட்டுத்தறியோடு கிளம்பிவிட்டாள். பொன்ராசு கேட்டான், "வண்டியில எப்படிண்ணே ஏத்துறது?" என்று. நீ ஏற்ற முடியாது, நான் ஒரு வார்த்தை சொன்னால் ஏறிவிடுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வார்த்தையை நான் பலகை முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவள் என்னை நம்பி ஏறுவாள். "பிஸ்மி, பாதாம்." அசையவில்லை. முதல் தடவையாக அந்த வார்த்தைக்கு அவள் நகரவில்லை. பின்னால் பேண்டு மாஸ்டர் ஞானதுரை என்னவென்று புரியாமல் அதே பாட்டை மறுபடி முதலில் இருந்து ஊதுகிறார். பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள். என் கை வேர்த்துக் கயிறு வழுக்குகிறது. முடிந்தது, ஊர்வலத்தின் நடுவில் மானம் போகப்போகிறது, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், பொன்ராசு வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறதோ.

"என்னாச்சு சிக்கந்தரு?" திரும்பிப் பார்த்தால் ரகுமத்தம்மா. வேனில் இருக்க வேண்டிய ரகுமத்தம்மா, இளைய மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊர்வலத்துக்கு நடுவில், வியர்த்த முகத்தோடு, நடந்து வந்து நிற்கிறார். "நீங்க எப்படி இங்க?" என்றேன். "உன் குதிரை போற வேகத்துக்கு வேன்காரன் தூங்கிட்டான்யா. அட, இந்த வேகத்துக்கு நானே நடந்துருவேனேன்னு எறங்கிட்டேன். மூணு மகனுக்குக் கல்யாணம் பண்ணிட்டேன், ஊர்வலத்த இன்னிக்குத்தான் கண்ணுல பாக்குறேன்." அப்புறம் பாதாம் பார்க்கிற பக்கம் பார்த்தார். கல்லைப் பார்த்தார். "அந்தப் பலகையா? ஆத்தாடி, அதுல எனக்கே கால் வைக்கப் பயம். காய் வாங்க வந்தா நான் ஜவுளிக்கடைச் சந்து வழியாத்தான் சுத்திப் போவேன். வாங்க, சுத்திப் போவோம்." அவ்வளவுதான் பேச்சு. ஒரு நொண்டிக் குதிரையும் முட்டி போன ஒரு அம்மாவும் சேர்ந்து முடிவெடுத்தார்கள், நூறு பேர் அவர்கள் பின்னால் சந்துக்குள் திரும்பினார்கள். இத்தனை வருஷத்தில் பஜார் வழியாக அல்லாமல் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வேறு பாதையில் போனதே இல்லை. பிஸ்மி என்று நான் சொல்வதற்குள் ரகுமத்தம்மாவே முட்டியைப் பிடித்துக்கொண்டு பிஸ்மி என்று அடி எடுத்து வைத்தார். பாதாம் நடந்துவிட்டாள்.

டக், டக், டக், ம். இப்போது நான்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். ரகுமத்தம்மா மட்டும் இல்லை. வேனில் இருந்து இன்னும் நாலைந்து பெண்கள் இறங்கிவிட்டார்கள். பூக்கடைக் கபீர், போலியோ காலுக்குக் கம்பு ஊன்றுகிறவன், எப்போதும் கடையில் உட்கார்ந்தே மாப்பிள்ளைக்குக் கை காட்டுகிறவன், ஷட்டரை இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் வருகிறான். யாசரின் அக்கா, எட்டு மாசமாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அசைந்து அசைந்து வருகிறாள். மூச்சிரைப்பு இருக்கிற இமாம், ஒவ்வொரு ஊர்வலத்திலும் பள்ளிவாசல் படியிலேயே துஆ ஓதி வழியனுப்பிவிட்டு ஆட்டோவில் போய்க் காத்திருப்பவர், பைத்து ஓதுகிறவர்களோடு நடந்துகொண்டே ஓதுகிறார். இவர்கள் எல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? ஊர்வலம் போன வேகத்தில் யாரும் இவர்களைத் தேடவில்லை, நானும் தேடவில்லை. சந்து குறுகல், வெயில் இல்லை, மாடியில் இருந்து யாரோ பன்னீர் தெளிக்கிறார்கள், பாதாம் மூக்கைச் சுருக்கி நக்கிக்கொள்கிறாள். ஜவுளிக்கடைப் பெண்கள் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். இந்தச் சந்தில் மாப்பிள்ளை வந்ததே இல்லை என்று ஒருத்தி கத்துகிறாள். தவில் மாதிரி ஒரு டிரம்மைத் தொங்கவிட்டிருக்கிற பேண்டுப் பையன், எவ்வளவு நேரம்தான் கால் தட்டிக்கொண்டு நிற்பது என்று நினைத்தானோ என்னவோ, பாட்டை விட்டுவிட்டுப் பாதாமின் காலைப் பார்த்து அடிக்கத் தொடங்கிவிட்டான். டும், டும், டும், ஒரு வெற்றிடம். டும், டும், டும், வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஊரே "ஹோய்" என்கிறது. யா அல்லா, என் குதிரையின் நொண்டலுக்கு நூறு பேர் ஹோய் போடுகிறார்கள்! பாதாமுக்குக் கழுத்து நிமிர்ந்துவிட்டது. வாலைத் தூக்கிவிட்டாள். அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்குகிறாளே, அதுகூட இப்போது பெருமைக்குத் தூக்குவதுபோல இருக்கிறது. எனக்குக் கண் கரிக்கிறது, பன்னீர் பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இல்லை, அழுகிறேன். சந்தோஷமாக இருக்கிறது, அழுகிறேன். இதற்கு எதற்குச் சாக்கு?

பின்னால் ஒரு ஹார்ன். அந்த ஹார்ன் எனக்குத் தெரியும். பொன்ராசின் குட்டி யானை வண்டி. சந்துக்குள் நுழைந்துவிட்டான், வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான், முந்தவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. ஹார்ன் அடிக்கிறான், கூட்டம் அதற்கும் ஹோய் போடுகிறது. பாதாமை ஏற்றிப்போக வந்த வண்டி பாதாமின் வேகத்தில் அவள் பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. சிரிப்பதா, பயப்படுவதா? என்ன சொல்லப்போகிறேன் அவனிடம்? சொல்றேன் என்று சொன்னேன், சொல்ல வேண்டும். ஆள் ஏறாத குதிரை எதற்கு என்று கேட்பான். எதற்கு? அவள் நடக்கிறாள், அதற்கு. அவளோடு நடக்க முடிகிறவர்கள் நடக்கிறார்கள், அதற்கு. ஆனால் நாளைக்கு? அடுத்த மாப்பிள்ளை ஜீப்புதான் வேண்டும் என்றால்? ஊர்வலமே இல்லாத மாசங்களில்? சுவரைப் பார்த்து நிற்பாளே? நிற்க மாட்டாள், நான் நடத்திக்கொண்டு போவேன், காலையில் ஆற்றுப்பாலம் வரைக்கும், நடக்கிறது நல்லதுதான் என்று டாக்டரம்மாவே சொன்னார், எனக்கும் தொப்பை இருக்கிறது. வலி வந்தால்? வந்தால் அந்தம்மா இருக்கிறார், அவர் மடி இருக்கிறது, நான் பக்கத்தில் இருப்பேன். சூளையில் யார் இருப்பார்கள்? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு மாசம் செக்கு சுற்றினேன். சபுரா முறத்தைத் தட்டிக்கொண்டே ஒரு வரியில் சொன்னாள், எனக்குத்தான் ஊர்வலம் சுற்றி வந்து புரிய வேண்டியிருந்தது.

பெண்வீடு வந்துவிட்டது. வாழைமரம், சீரியல் லைட் நம்முடையது, இரண்டு பல்பு எரியவில்லை, சபுரா திட்டுவாள். மச்சினன்காரன் மாப்பிள்ளையைக் குதிரையில் இருந்து இறக்க வேண்டும், அதுதான் வழக்கம். கையில் கல்கண்டுத் தட்டோடு வந்து நின்று, இறக்குவதற்கு ஆளைக் காணாமல் முழிக்கிறான். யாசர் பாதாமின் அந்தப் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்து, "மச்சான், நான் ஏற்கெனவே எறங்கித்தான் வந்தேன்" என்றான். வாசலே சிரித்தது. சிரிப்புச் சத்தத்தில் பாதாம் கழுத்தை நீட்டி, இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததற்கு மொத்தமாகச் சேர்த்து, மாப்பிள்ளையின் பூச்சரத்தில் பாதியைக் கடித்து இழுத்துவிட்டாள். "கல்கண்ட அவளுக்குக் குடுங்கய்யா மொதல்ல" என்றார் ரகுமத்தம்மா, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக. மச்சினன் பயந்து பயந்து கையை நீட்டினான். மாப்பிள்ளைக்கு முன்னால் குதிரை வாய் இனித்தது.

ஆண்கள் உள்ளே போய்விட்டார்கள். பெண்களுக்கு விருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில். ஆனால் வேன்காரன், எல்லாரும்தான் இறங்கிவிட்டார்களே என்று, தட்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ரகுமத்தம்மாவும் நாலைந்து பெண்களும் யாசரின் அக்காவும் தெருவில் நிற்கிறார்கள். ரகுமத்தம்மா முட்டிக்கு இன்றைக்கு இதற்கு மேல் நடை இல்லை, அது முகத்திலேயே தெரிகிறது. அப்போதுதான் பொன்ராசு வண்டியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, குதித்து இறங்கி, பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து வைத்தான். புது வைக்கோல், மெத்தென்று. உண்மையிலேயே நல்லவன்தான். "லேட்டாயிருச்சுண்ணே, ஊர்வலத்துல மாட்டிக்கிட்டேன். ஏத்திருவமா?" என்றான். பாதாம் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சொல்லு என்பதுபோல நின்றாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. என் நாக்கில் அது இல்லை. நாக்கில் வேறு என்னவோ இருந்தது, அது தானாகவே வந்தது.

"ஏத்துவோம் பொன்ராசு. ரகுமத்தம்மாவ ஏத்து. அந்தப் புள்ளத்தாச்சிய முன்னாடி உக்கார வை, மத்தவங்க பின்னாடி வைக்கோல்ல உக்காரட்டும். மண்டபத்துல விட்டுட்டுப் போ. சாப்பிட்டுட்டுப் போ, பிரியாணி."

பொன்ராசு தலையைச் சொறிந்தான். பலகையைப் பார்த்தான், பாதாமைப் பார்த்தான். "அப்ப குதிரைண்ணே?"

"குதிரை நடந்து வரும்."

பொன்ராசு சிரித்துவிட்டான், "இத போன்லயே சொல்லியிருந்தா நான் வைக்கோலாச்சும் கம்மியா போட்டிருப்பேனே" என்றான். ரகுமத்தம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வைக்கோலைப் பார்த்து வெட்கப்பட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, பலகையில் கால் வைத்தார். "பிஸ்மி" என்றார்.

என் தோள் பிடுங்கிக்கொண்டு போகிறமாதிரி கயிறு இழுத்தது. பாதாம் கிளம்பிவிட்டாள், வீட்டுப் பக்கம் பார்த்து. நான் பின்னால் ஓட வேண்டியதில்லை, அந்த வேகத்துக்கு நடந்தாலே போதும். டக், டக், டக், ம்.